வீட்டுக்காரர் பேசினார்

நான் முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்த நிறுவனத்தின் விதிப்புத்தகத்தில் பதினாறாம் விதி இப்படிச் சொல்கிறது: ‘விலை சேகரிப்பவர் அனுப்பும் குறிப்பு, வாசிப்பவரின் சொந்தத் தாய்மொழியிலேயே எழுதப்பட்டிருந்தாலும், இரண்டாவது ஆள் ஒருவர் வாசிக்காமல் அதை வைத்து முடிவு எடுக்கக்கூடாது.’

சென்ற பெப்ரவரி, இரண்டாவது புதன்கிழமை, காலை பத்தேகாலுக்கு ஆரணி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபின் என் மேசைக்கு வந்த பெண். இங்கேயே, கனடாவில், பிறந்தவள்.

“அங்கிள், நாங்க ரூல் புக்கை அப்டேட் பண்ணுறம். சிக்ஸ்ரீன் ஏன் இருக்கு எண்டு இங்க ஒருத்தருக்கும் தெரியேல்ல. இப்ப சிஸ்டமே எல்லாத்தையும் ட்ரான்ஸ்லேட் பண்ணுது. டிலீட் பண்ணட்டா?”

“பொறும் பிள்ளை, டிலீட் பண்ணாதையும். அது என்ர விதி.”

“விதி எண்டா ரூலா, ஃபேட்டா?”

“ரெண்டும்தான்.”

அவள் சிரித்தாள். “அப்ப எழுதித் தாங்கோ அங்கிள். கதை தெரிஞ்சா நான் மீற்றிங்கில ஃபைற் பண்ணுவன்.” அவளுக்காக எழுதத் தொடங்கியதுதான் இது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இருப்பதால் நாளும் கிழமையும் சரியாக இருக்கும். மற்றவை ஞாபகத்திலிருந்து வருகின்றன.

நிறுவனம் என்ன செய்தது என்று முதலில் சொல்லவேண்டும். கனடாவிலிருந்து ஒரு பொறியியலாளரை இரண்டு வருடத்துக்குப் பாங்கொக்குக்கோ ஜகார்த்தாவுக்கோ அனுப்பும் கம்பனி, அவர் அங்கே இங்குள்ளதுபோல வாழ மாதம் எவ்வளவு தேவை என்று அறிய விரும்பும். அந்தக் கணக்கைச் செய்து கொடுப்பது எங்கள் தொழில். நான் இருந்தது தென்கிழக்காசிய மேசை. பாங்கொக், மணிலா, ஹனோய், ஜகார்த்தா, கோலாலம்பூர், பினாங்கு ஆகிய ஆறு நகரங்கள். ஆறிலும் முட்டை என்ன விலை என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன் என்று என் மனைவி பவானி பகிடி பண்ணுவாள். அந்த நகரங்களில் ஒன்றில்கூட நான் காலடி வைத்ததில்லை என்பதையும் அவளே சேர்த்துச் சொல்வாள்.

இப்போது டொரொண்டோவில், அஜின்கோர்ட் தமிழ்க் கடைக்குச் சாப்பாடு எடுக்கப் போனால்கூட ஆராவது பிடித்துக்கொள்கிறார்கள். பென்ஷன் எடுத்தவர்கள் குளிர்காலத்தை ஆசியாவில் கழிக்க ஆசைப்படும் காலம் இது.

“அண்ணை, மலேசியாவில மாசம் எவ்வளவு முடியும்?”

“ஆர் இருக்கப் போறது எண்டதை முதலில சொல்லுங்கோ.”

“வேற ஆர், நானும் மனிசியும்தான்.”

“அது தெரியும். காலமை பாணும் சீஸும் திண்டுகொண்டு இருக்கப் போறியளோ, இடியப்பம் வாங்கப் பழகப் போறியளோ?”

இதைப் பலர் தட்டிக்கழிப்பு என்று நினைக்கிறார்கள். தொழிலின் நடுவே இருந்ததே இந்தக் கேள்விதான். எங்கள் அட்டவணையில் ஒவ்வொரு நகரத்துக்கும் இரண்டு நிரல்கள் உண்டு. முதலாவது, புதிதாக வந்தவர். இறக்குமதி வெண்ணெய், ஊரில் சாப்பிட்ட அதே தானியப் பெட்டி, வெளிநாட்டவர் போகும் குளிரூட்டிய கடை. இரண்டாவது, பழகியவர். அதே ஆள்தான், ஒரு வருடம் கழித்து. சந்தைக்குப் போகத் தெரிந்துவிட்டது, மின்விசிறியோடு நித்திரை வருகிறது, மாதம் முழுக்கக் குளிரூட்டி ஓடவிட்டால் வரும் மின்சாரப் பில்லை ஒருமுறை பார்த்துவிட்டார். இரண்டு நிரலுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்க்கும்போதெல்லாம் கனடா வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஐந்து பேராக ஒரே அறையில் இருந்த முதல் வருடம் ஞாபகம் வரும். உழைத்ததில் பாதியைக் கப்பலில் வந்த மிளகாய்த்தூளுக்கும் மாசிக் கருவாட்டுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தோம். நாங்களும் முதலாம் நிரல்தான்.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது அலுவலகம். எண்பதுகளின் கடைசியில் தபால் பிரிக்கும் அறையில் சேர்ந்தேன். பிறகு இலக்கங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. அதில் பிழை குறைவாக விடுகிறேன் என்று கண்டு விலை மேசைக்கு எடுத்தார்கள். பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. ஐரீனின் கீழ் இருத்தினார்கள், அவ்வளவுதான்.

ஐரீன் என் மேலாளர். உயரமான பெண்மணி. கனடாவின் கிழக்குக் கரையோரத்து மீன்பிடி ஊர் ஒன்றில் பிறந்தவர். பத்தரைக்கு ஒரு அப்பிள் சாப்பிடுவார். அந்த அப்பிளை மேசையில் வைக்கும்போது அதற்குக் கீழே ஏதாவது தாள் இருந்தால், அந்தத் தாள் ‘நிறுத்திவைக்கப்பட்டது’ என்று அர்த்தம். சிவப்புப் பேனை பாவித்து நான் கண்டதில்லை. கட்டைப் பென்சில்தான். விலைத்தாளை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வாசிப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “பொருளின் பெயரை முதலில் பார்த்தால் விலை இவ்வளவு இருக்கும் என்று மனம் முடிவு செய்துவிடும். இலக்கத்தை முதலில் பார்க்கவேண்டும்” என்றார். ஐயம் வந்த இடத்தில் ஓரமாக ஒரே ஒரு கேள்வியை எழுதுவார்: ‘யார் கேட்டது?’

ஒரு விலை எங்கள் அட்டவணைக்குள் வருவதற்கு மூன்று விடயம் வேண்டும். எந்தக் கடை, எந்த நாள், யார் கேட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கடை. அதே நிறை, அதே வகை. மலிவு விற்பனை விலை எடுக்கக்கூடாது. வீட்டு வாடகைக்கு மூன்று கட்டடம். அதிலும் விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகை வேண்டாம், ஆட்கள் உண்மையில் கையெழுத்திட்ட வாடகை வேண்டும். சேகரிப்பவர் தன் உறவினரின் வீட்டையோ தான் குடியிருக்கும் வீட்டையோ எழுதக்கூடாது. ஆராவது சொல்லிக்கொடுத்த இலக்கத்தை எழுதினால் அடுத்த நாளே வேலை போய்விடும். இந்தக் கடைசி விதிக்கு விலக்கு இருந்ததே இல்லை.

பிறமொழிக் குறிப்புகள் வந்தால் தனி ஒழுங்கு. வியட்நாமிய மொழியில் ஒரு வரி வந்தால் ஒருவர் மொழிபெயர்ப்பார், இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிடுவார், பிறகு அனுப்பியவரைக் கூப்பிட்டு ‘நீங்கள் சொன்னது இதுதானா’ என்று கேட்போம். மூன்று நாள் பிடிக்கும். தாய்லாந்து மொழிக்கும் அப்படித்தான், இந்தோனேசிய மொழிக்கும் அப்படித்தான்.

பினாங்கில் எங்களுக்கு விலை சேகரித்தவர் சரோஜா. பல வருடம் இலத்திரனியல் தொழிற்சாலையில் வேலை செய்து, அது மூடியபின் எங்களிடம் வந்தவர். கடைக்காரர்கள் மதிக்கவேண்டும் என்று சொந்தச் செலவில் பெயரட்டை அடித்து, அதில் ஒன்றை எனக்கும் தபாலில் அனுப்பியிருந்தார். என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே அது இருந்தது. முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதினார். நான் தமிழன் என்று தெரிந்த நாளிலிருந்து தமிழுக்கு மாறிவிட்டார். எனக்கும் அது சந்தோஷம். ஆறு நகரத்தில் ஒரு நகரம் என்னோடு தமிழ் கதைக்கிறது!

தொடக்கத்தில் ஒரு தடக்கல் வந்தது. ‘கோழி ஒன்று பத்து வெள்ளி’ என்று எழுதியிருந்தார். ஒரு கோழிக்குப் பத்து வெள்ளிக்கிழமையா என்று நானும் பவானியும் விழுந்து விழுந்து சிரித்தோம். எழுதிக் கேட்டேன். “எங்க ஊர்ல ரிங்கிட்டை வெள்ளின்னுதான் சொல்வோம் சார்” என்று பதில் வந்தது. அதோடு மலேசியத் தமிழ் எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் மதிப்பீட்டில்தான் அது நடந்தது. மூன்றாவது திங்கட்கிழமை சரோஜாவின் தாள்கள் வந்தன. இரண்டு கட்டடங்களில் வாடகை கொஞ்சம் ஏறியிருந்தது. மூன்றாவதில், கடலைப் பார்த்த உயரமான கட்டடம் அது, வாடகை இறங்கியிருந்தது. ஆறு நகரத்திலும் எல்லாம் ஏறிக்கொண்டிருந்த வருடம். ஏன் என்று எழுதிக் கேட்டேன். மறுநாள் காலை பதில் இருந்தது:

‘வணக்கம் சார். மூணாவது கட்டடம் வாடகை விஷயமா வீட்டுக்காரர் பேசினார். அதுக்கு அப்புறம்தான் குறைச்சுப் போட்டேன். நன்றி.’

நான் கதிரையில் சாய்ந்துவிட்டேன். இலங்கைத் தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாயால் சொல்வதை நாங்கள் ‘கதைப்பது’ என்போம். ‘பேசினார்’ என்றால் எங்களுக்குத் திட்டினார். ‘வீட்டுக்காரர்’ என்றால் வீட்டுச் சொந்தக்காரர். ஆக நான் வாசித்தது: வாடகை விடயமாக வீட்டுச் சொந்தக்காரர் என்னைத் திட்டினார், அதற்குப் பிறகு இலக்கத்தைக் குறைத்து எழுதிவிட்டேன்.

ஒரு சொந்தக்காரர் வாடகையைக் குறைத்து எழுதச் சொல்லி ஏன் திட்டவேண்டும் என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரிந்ததாக நினைத்தேன். கலியாணம் முடித்த புதிதில் நாங்கள் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்தோம். வரிக்குப் பயந்த வீட்டுக்காரர், “தம்பி, வாடகை எவ்வளவெண்டு ஆரும் கேட்டா பாதியைச் சொல்லும்” என்று முதல் நாளே சொல்லிவைத்தார். நான் ஒருநாள் அவருடைய உறவினர் ஒருவரிடம் உண்மையைச் சொல்லிப்போட்டேன். படியில் நின்று அரை மணித்தியாலம் கிழித்தார். அன்று வேலையால் வந்த பவானியிடம் நான் சொன்ன வார்த்தை: “வீட்டுக்காரர் பேசினவர்.”

சரோஜாவின் வரியும் என் வரியும் அச்சொட்டாக ஒன்று. உலகம் எங்கும் வீட்டுக்காரர் ஒரே சாதிதான் என்று நினைத்தேன்.

அந்தப் பெயரட்டையைப் பார்த்தேன். வேதனையாக இருந்தது. அந்த வேதனையே என்னைக் கூடுதல் கடுமையாக்கியது என்று இப்போது விளங்குகிறது. தமிழர் என்பதற்காக விட்டுக்கொடுத்தேன் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக்கூடாது. ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதினேன்: சேகரிப்பவர் வெளியாரின் அழுத்தத்தால் இலக்கத்தை மாற்றியதாகத் தானே ஒப்புக்கொண்டுள்ளார். அவருடைய ஒப்பந்தத்தை முடிக்கலாம். வேறு ஆள் கிடைக்கும்வரை பினாங்கைக் கோலாலம்பூரோடு சேர்த்துவிடலாம். கையெழுத்து வைத்து ஐரீனிடம் கொடுத்தேன்.

அவர் வாசித்தார், கடைசி வரியிலிருந்து மேலே. பிறகு எதிரே இருந்த கதிரையைக் காலால் தள்ளினார். ‘இரு’ என்பதற்கு அவருடைய சைகை அது.

“மூலம் எந்த மொழியில்?”

“தமிழ்.”

“மொழிபெயர்த்தது யார்?”

“நான்தான்.”

“ஒப்பிட்டது?”

“தேவையில்லை ஐரீன். நான் பிறந்ததிலிருந்து கதைக்கும் மொழி.”

“அவளும் பிறந்ததிலிருந்து அதைத்தான் கதைக்கிறாளா?”

“ஓம். அதே தமிழ்தான்.”

ஐரீன் என் குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: ‘யார் கேட்டது?’ மணி பத்தரை ஆகியிருக்கவில்லை. ஆனாலும் பையிலிருந்து அப்பிளை எடுத்துத் தாளின் மேல் வைத்தார். “வெள்ளிக்கிழமை வரை இது இங்கேதான் இருக்கும்” என்றார்.

எனக்குக் கோபம். ஹனோயிலிருந்து வந்த வரி என்றால் சரி. என் தாய்மொழியில் எனக்கே சந்தேகமா? புதன் முழுக்க அந்தக் கோபத்தோடு திரிந்தேன். வியாழன் காலை எட்டு மணிக்கு, மற்றவர்கள் வருமுன், பினாங்குக்கு அழைத்தேன். அங்கே இரவு எட்டு. வேலை போகப்போகிறது என்று அறியாத ஒருவரிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்கிறேன் என்ற எண்ணம்தான் மனதில் இருந்தது.

“நேசன் சாரா! வாங்க வாங்க. சாப்டீங்களா?”

“இங்க காலமை சரோஜா. ஒரு விசயம் கேக்கவேணும். மறைக்காமச் சொல்லுங்கோ. வீட்டுக்காரர் ஏன் பேசினவர்?”

“ஏன் பேசினாரா? நான்தான் சார் பேசச் சொன்னேன்.”

“நீங்களோ? நீங்களே பேசச் சொன்னனீங்களோ?”

“ஆமா சார். எனக்கு ஹொக்கியன் அவ்ளோ வராது. அவருதான் நல்லா பேசுவாரு. சீனவங்களே அசந்து போயிருவாங்க.”

பிரச்சினை எனக்கு இன்னும் கூடியது. கேட்டு வாங்கிய திட்டு. அதுவும் சீனர்களின் மொழியில்.

“உங்களுக்கு ஏதும் பயமுறுத்தல் இருந்தா எனக்குச் சொல்லலாம். அந்த மனுசன் இப்ப எங்க?”

“இந்தா, பக்கத்துலதான். சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு.”

“வீட்டுக்காரர் உங்கட வீட்டில வந்து சாப்பிடுறாரோ?”

சரோஜா நிதானமாகச் சொன்னார்: “வேற எங்க சார் சாப்பிடுவாரு? கல்யாணம் ஆனதுலேருந்து இங்கதானே சாப்பிடுறாரு.”

வீட்டுக்காரர் என்றால் கணவர். எத்தனையோ தமிழ்நாட்டுக் கதைகளில் வாசித்த சொல். வாசித்தபோதெல்லாம் விளங்கிய சொல். எங்கள் வீடுகளில் ‘இவர்’ என்போம், ‘மனுசன்’ என்போம், அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. பேசினார் என்றால் கதைத்தார். அவ்வளவுதான்.

“அவருகிட்ட குடுக்கவா சார்?”

“குடுங்கோ” என்றேன்.

“வணக்கம் சார், மணியம் பேசுறேன்.” வாயில் சோறு இருந்தது தெரிந்தது. நடந்ததை அவர் விளக்கினார். அந்தக் கட்டட அலுவலகத்தில் வெளிநாட்டவருக்குக் காட்டவென்று ஒரு விலைத்தாள் அச்சடித்து வைத்திருந்தார்கள். சரோஜாவுக்கும் இதுவரை அதையே கொடுத்துவந்தார்கள். இந்தமுறை அவருக்கு ஐயம். மணியம் பள்ளிக்கூட வான் ஓட்டுபவர், கட்டடத்துக் காவலாளிகள் முதல் மேலாளர்வரை பழக்கம். அவர் போய் ஹொக்கியனில் கதைத்தபோது, அந்த விலையை ஒருவரும் கொடுப்பதில்லை என்று சொல்லி, அந்த மாதம் கையெழுத்தான மூன்று ஒப்பந்தங்களைக் காட்டியிருக்கிறார்கள். “பேப்பர்ல இருக்கறது சும்மா சார். வெள்ளக்காரன் வந்தா காட்டுவாங்க. இவதான் நச்சரிச்சா, உண்மையான வாடகை வேணும், டொரொண்டோல கேப்பாங்கன்னு.”

டொரொண்டோவில் கேட்பார்கள். அந்த நம்பிக்கையில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமையைச் செலவழித்திருந்தார்கள். நான் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்காமல் கையெழுத்து வைத்திருந்தேன்.

நான் எழுதிய குறிப்பைப் பற்றி அன்றைக்கே சரோஜாவிடம் சொன்னேன். மறைத்திருக்கலாம். ஆனால் அவர் எனக்கு ஒன்றையும் மறைக்கவில்லையே. “வேலை இருக்குல்ல சார்?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். “அப்ப சரி. உங்க ஊர்ல பேசினா திட்டறதுன்னா, நீங்க எல்லாம் எப்படித்தான் சார் குடும்பம் நடத்துறீங்க?” என்றார். பின்னால் மணியம் சிரிப்பது கேட்டது.

ஒன்பது மணிக்கு ஐரீன் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று, எங்கள் கருத்தில் பேசுவார் என்று, எதிர்பார்த்தேன். அப்பிளைத் தூக்கினார். குறிப்பை என்னிடம் நீட்டினார். “மற்ற மொழிகளில் நீ மிகக் கவனம்” என்றார். அடுத்த வாரம் விதிப்புத்தகத்தில் பதினாறாம் விதி இருந்தது. என் பெயர் அதில் இல்லை.

பத்து வெள்ளி என்று வந்தபோது நான் எழுதிக் கேட்டேன், ஏனென்றால் அது எனக்கு விளங்கவில்லை. இது விளங்கிவிட்டது. அதனால்தான் கேட்கவில்லை. பிறகு ஓய்வு பெறும்வரை, சுலபமாக விளங்கிய வரிகளைத்தான் நான் இரண்டாம் தரம் வாசித்தேன். அந்தப் பழக்கத்தில் இன்னும் சில பிழைகள் பிடிபட்டன. அவற்றில் ஒன்றும் இந்தளவு சிரிப்புக்குரியது அல்ல. சரோஜா கடைசிவரை பினாங்குக்கு விலை சேகரித்தார். அவருடைய வாடகைத் தாளின் ஓரத்தில் ஐரீன் கேள்வி எழுதியதை அதன்பின் நான் காணவில்லை.

இதுவரை எழுதியதை ஆரணிக்கு அனுப்பினேன். அவள் சரோஜாவின் வரியைத் தன் சிஸ்டத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அழைத்தாள்.

“அங்கிள், அது சொல்லுது, லாண்ட்லோர்ட் கதைச்சவராம்.”

“என்னைவிடக் கெட்டித்தனம். அதுக்கு ஒரு சொல்லிலதான் பிழை.”

“ரூல் இருக்கட்டும் அங்கிள்” என்றாள்.

இனி என் சொந்த விடயம். வருகிற ஜனவரியிலிருந்து மூன்று மாதம் நானும் பவானியும் பினாங்கில் இருக்கப்போகிறோம். டொரொண்டோவில், ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் பனி அள்ள மகன் ஒத்துக்கொண்டுவிட்டான். செலவுக் கணக்கை நான் இரண்டு நிரலாகவே போட்டேன். முதல் மாதத்துக்குப் புதிதாக வந்தவர், மற்ற இரண்டுக்கும் பழகியவர். பவானி அதைப் பார்த்துவிட்டு, “நான் முதல் நாளே சந்தைக்குப் போவன். நீங்கள் உங்கட நிரலில தனிய இருங்கோ” என்றாள்.

வீடு பார்க்கச் சொல்லிச் சரோஜாவிடம்தான் கேட்டேன். போன ஞாயிறு காலை அழைத்தார்.

“சார், அதே மூணாவது கட்டடம்தான். பதினோராவது மாடி, கடல் தெரியும். உங்களுக்கும் அந்தப் பேப்பரைத்தான் காட்டினாங்க. கவலைப்படாதீங்க. வீட்டுக்காரர் பேசிட்டாரு.”

நான் பென்சிலை எடுத்துக்கொண்டேன். “எந்த வீட்டுக்காரர்?”

“எங்க வீட்டுக்காரர், உங்க வீட்டுக்காரர்கிட்ட.”

“பேசினவரெண்டா, கதைச்சவரோ, திட்டினவரோ?”

“மொதல்ல எங்க ஊரு பேச்சுதான் சார் பேசினாரு” என்றார் சரோஜா. “உங்க வீட்டுக்காரரு வாடகைல எறங்கல. அப்புறம் உங்க ஊரு பேச்சு பேசினாரு. எறங்கிட்டாரு.”